களைத்துப்போனவர்களின் ஊழியம்

நம் சங்கத்து இதழைப் பல சமயத்தாரும் படிக்கிறார்கள் என்பதை மனதில் வைத்தே இந்தப் பாடத்தை எழுதுகிறேன். கிறிஸ்தவச் சபைகளில் புழங்கும் சொற்கள் சில இடையிடையே வரும். பொருள் என்னவோ எல்லாருக்கும் பொதுவானதுதான். திருவிழாக் கமிட்டியில் ஓடியாடுகிறவரும், பஜனை மண்டலியைப் பல வருடங்களாகக் கட்டிக் காக்கிறவரும் தங்கள் அனுபவத்தையே இதில் காண்பார்கள்.

சொந்த ஊரில் ஒரு சபை என்றால் தலைமுறை தலைமுறையாக வேலைகள் பங்கிடப்பட்டிருக்கும். மணியடிக்க ஒருவர், பாடகர் குழுவுக்கு ஒருவர், அசனப் பண்டிகைக்கு அடுப்பு மூட்ட ஒரு தெருவே வரும். மும்பை போன்ற நகரத்தில் நம் நிலை வேறு. சபையில் அறுபது குடும்பம் இருந்தால் உழைப்பவை எட்டுக் குடும்பம். அந்த எட்டும் கல்யாண், டோம்பிவிலி, வாஷி, தாராவி என்று எட்டுத் திசையில் இருக்கும். வாரத்தில் ஆறு நாள் லோக்கல் ரயிலில் நசுங்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அதே ரயிலில் கோயிலுக்கு வரவேண்டும். அன்றுதான் ரயில்வேக்காரர்கள் மெகா பிளாக் வைப்பார்கள்! ஆராதனை, ஞாயிறு பள்ளி, வாலிபர் கூட்டம், ஆஸ்பத்திரியில் இருப்பவரைப் பார்ப்பது, ஊரிலிருந்து புதிதாக வந்த பையனுக்கு அறை தேடிக் கொடுப்பது எல்லாம் முடித்து வீடு திரும்பும்போது மணி எட்டு. ஓய்வுநாள் என்பது பெயரில்தான் இருக்கிறது.

நான் இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாக ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்குப் பாடம் ஆயத்தம் செய்து கொடுத்து வருகிறேன். அவர்களில் நல்லவர்கள், அதாவது ஒப்புக்கொண்டதை விடாமல் செய்கிறவர்கள், என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. "களைத்துப் போய்விட்டேன். விட்டுவிடலாமா, அல்லது களைப்பே பாவமா?"

இதற்குச் சபைகளில் வழக்கமாக இரண்டு பதில் கிடைக்கும். ஜெபம் குறைந்துவிட்டது, அதனால்தான் சோர்வு என்பது ஒன்று. முடியாவிட்டால் விட்டுவிடுங்கள், யார் உங்களைக் கட்டாயப்படுத்தினார்கள் என்பது மற்றொன்று. முதலாவது பதில் களைத்தவரின் தலையில் குற்ற உணர்வையும் ஏற்றிவைக்கிறது. இரண்டாவது பதில் அவர் பத்து வருடமாகச் செய்த வேலைக்கு மதிப்பே இல்லை என்று சொல்லிவிடுகிறது. வேதத்தில் இந்த இரண்டுமே இல்லை என்பது என் துணிபு.

கலாத்தியர் நிருபம் 6-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். நன்மை செய்வதில் சோர்ந்துபோகக் கூடாது என்று பவுல் எழுதுவது அங்கேதான், 9-ஆம் வசனத்தில். அந்த ஒரு வசனத்தை மட்டும் தனியே பிடுங்கியெடுத்துக் களைத்தவர்களிடம் காட்டுவது நம் வழக்கம். அதற்குச் சற்று மேலே 2-ஆம் வசனம், ஒருவர் பாரத்தை மற்றவர் சுமக்கச் சொல்கிறது. 5-ஆம் வசனமோ ஒவ்வொருவனும் தன் பாரத்தைத் தானே சுமப்பான் என்கிறது. தமிழில் இரண்டு இடத்திலும் 'பாரம்' என்ற ஒரே சொல் நிற்பதால் ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றும். கிரேக்க மூலத்தில் சொற்கள் வேறு. 2-ஆம் வசனத்தில் 'பாரோஸ்' என்ற சொல் வருகிறது. அழுத்தி நசுக்கும் எடை என்று அதற்குப் பொருள். 5-ஆம் வசனத்தில் இருப்பது 'போர்த்தியோன்'. ஒருவன் தூக்கிச் செல்வதற்கென்று அவனுக்கு உரிய மூட்டை அது.

மசூதி பந்தர் பக்கம் சரக்குத் தூக்கும் ஹமால்களைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். தன் மூட்டையைத் தானே தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடுவான். பெரிய மூட்டை என்றால் இருவர் பிடித்துத் தூக்கி அவன் தலையில் வைப்பார்கள். அதை அவன் அவமானமாக நினைப்பதில்லை. தொழிலின் முறையே அதுதான். ஆகவே சோர்ந்துபோகாதிருங்கள் என்ற புத்தி, பாரத்தைப் பகிருங்கள் என்ற கட்டளைக்குப் பின்னால்தான் வருகிறது. முன்னதைச் செய்யாத சபைக்குப் பின்னதைப் பிரசங்கிக்க உரிமை இல்லை என்றே நான் சொல்வேன். சிலருக்கு இது கடுமையாகப் படலாம்.

இனி எலியாவிடம் வருவோம். களைப்பைப் பற்றி வேதத்தில் இத்தனை விவரமாகச் சொல்லும் இடம் வேறு எனக்குத் தெரியவில்லை. 1 இராஜாக்கள் 18, 19 அதிகாரங்களை ஒரே மூச்சில் படிக்க வேண்டும். கர்மேல் மலையில் பெரிய வெற்றி. மழையும் வந்துவிட்டது. எலியா ஆகாபின் இரதத்துக்கு முன்னால் யெஸ்ரயேல் வரைக்கும் ஓடுகிறான். சுமார் 25 கிலோமீட்டர் தூரம் அது. அங்கே யேசபேல் ராணியின் கொலை மிரட்டல் காத்திருக்கிறது. உயிர் தப்ப அவன் நாட்டின் தென்கோடியில் இருக்கும் பெயெர்செபாவுக்குப் போகிறான். வரைபடத்தில் நேர்கோடு போட்டு அளந்தாலே ஏறக்குறைய 150 கிலோமீட்டர். அங்கே தன் வேலைக்காரனை நிறுத்திவிட்டு, இன்னும் ஒரு நாள் பிரயாணம் வனாந்தரத்தில் தனியாகப் போய், ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து சாவைக் கேட்கிறான்.

வேலைக்காரனை விட்டுவிட்டுப் போனான் என்பதைக் கவனியுங்கள். களைத்தவன் முதலில் செய்வது இதுதான். கூட இருப்பவனை அகற்றிவிட்டுத் தனியாகப் போவான். கூட்டத்துக்கு வரமாட்டான், போன் அடித்தால் எடுக்கமாட்டான். அவன் கோபமாக இருக்கிறான் என்று நாமும் விட்டுவிடுவோம்.

தேவன் அங்கே என்ன செய்தார்? பிரசங்கம் செய்யவில்லை. கர்மேலில் அக்கினி இறங்கியதை நினைவூட்டவில்லை. எலியா தூங்கினான், தூங்க விட்டார். தூதன் தட்டி எழுப்பினான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு குடம் தண்ணீரும். சாப்பிட்டான், மறுபடியும் தூங்கினான். அதற்கும் தடை சொல்லவில்லை. இரண்டாம் தரம் எழுப்பியபோதுதான் பிரயாணத்தைப் பற்றிய பேச்சே வருகிறது. உணவும் இரண்டு தூக்கமும் முடிந்து, நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக் குகைக்குப் போன பிறகே, இங்கே உனக்கு என்ன காரியம் என்ற கேள்வி வருகிறது. சாப்பாட்டுக்கு முன் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. நம் கமிட்டிக் கூட்டங்களில் அதைத்தான் முதலில் கேட்கிறோம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எலியா சாவைக் கேட்டான். நம்மிடையே ஒருவர் அப்படிச் சொன்னால், விளையாட்டாகச் சொன்னாலும் சரி, அவரைத் தனியே விடக்கூடாது. டாக்டரிடம் அழைத்துப்போக வேண்டும். வாரக்கணக்கில் தூக்கம் இல்லாமை, எழுந்திருக்கவே முடியாத அசதி இவற்றுக்கு இரத்தசோகை இருக்கலாம், தைராய்டு குறைபாடு இருக்கலாம், சர்க்கரை இருக்கலாம், மனச்சோர்வு நோயும் இருக்கலாம். இவற்றுக்கெல்லாம் மருந்தும் சிகிச்சையும் உண்டு. இவை இருப்பதால் விசுவாசம் குறைந்துவிட்டது என்று யாரும் சொல்ல வேண்டாம்.

பாடத்தின் உயிர்நாடி இதற்குப் பிறகு வருகிறது. காற்று, பூமியதிர்ச்சி, அக்கினி எல்லாம் கடந்து அந்த மெல்லிய சத்தம் கேட்டபின், தேவன் எலியாவுக்கு ஓய்வூதியம் கொடுத்து அனுப்பவில்லை. திரும்பிப் போகச் சொல்லி மூன்று வேலை கொடுக்கிறார். ஆசகேலைச் சீரியாவுக்கு ராஜாவாகவும், யெகூவை இஸ்ரவேலுக்கு ராஜாவாகவும், எலிசாவைத் தன் இடத்தில் தீர்க்கதரிசியாகவும் அபிஷேகம் பண்ண வேண்டும். களைத்தவனுக்கு மூன்று புது வேலையா என்று தோன்றும். அடுத்து வரும் அதிகாரங்களைப் படித்துப் பாருங்கள். எலியா நேரில் போய்ச் செய்ததாக எழுதியிருப்பது ஒன்றுதான். ஏர் உழுதுகொண்டிருந்த எலிசாவின் மேல் தன் சால்வையைப் போட்டான். ஆசகேல் ராஜாவாவதை அவனிடமே அறிவித்தது எலிசா (2 இராஜாக்கள் 8). யெகூவை அபிஷேகம் பண்ணியது எலிசா அனுப்பிய ஒரு இளைஞன் (2 இராஜாக்கள் 9). எலியா அப்போது உலகத்தில் இல்லை. கொடுத்த வேலையைச் செய்யவில்லை என்று வேதம் அவனை எங்கும் குறை கூறவும் இல்லை.

அந்த வரிசையைக் கண்டபோது எனக்கு ஒன்று புரிந்தது. மூன்று பொறுப்பில் இரண்டு, ஒருவனுடைய ஆயுசுக்குள் முடிய வேண்டியதே அல்ல. அவன் செய்ய வேண்டியிருந்தது, அடுத்தவன்மேல் சால்வையைப் போடுவது. அதற்காக அவன் பின்பு சும்மா இருந்துவிடவும் இல்லை. நாபோத்தின் திராட்சத்தோட்டத்தை ஆகாப் பறித்துக்கொண்டபோது அங்கே போய் எதிரில் நின்றவன் இதே எலியாதான். எலிசாவைப் பற்றிப் பின்னால் ஒருவன் அறிமுகம் சொல்லும்போது, எலியாவின் கைகளுக்குத் தண்ணீர் வார்த்தவன் என்கிறான். தனியே சூரைச்செடிக்குப் போனவனுக்குக் கைக்குத் தண்ணீர் ஊற்ற ஒரு ஆள் கிடைத்திருக்கிறான்!

எங்கள் பகுதியில் ஒரு சகோதரி, ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. இரவு ஷிப்ட் மாறி மாறி வரும். வீட்டில் பக்கவாதத்தில் படுத்த மாமியார். ஒற்றை அறையும் சமையலறையுமான வீடு. ஞாயிறு பள்ளியில் ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளின் வகுப்பு அவள் பொறுப்பு. ஒரு நாள் ஆசிரியர் கூட்டம் முடிந்ததும், "அண்ணாச்சி, பாட்டு சொல்லிக் கொடுக்கும்போதே கண்ணைச் செருகுது. பிள்ளைங்க சிரிக்குதுங்க. எனக்கு ஆண்டவர் மேல பிரியம் குறைஞ்சு போச்சா?" என்று கேட்டாள். "நேத்து எத்தனை மணி நேரம் தூங்கினே தாயி?" என்றேன். மூன்று மணி நேரம் என்றாள். பிறகு நான் வேதத்தைத் திறக்கவில்லை.

மாமியாரை விட்டுவிட முடியுமா? முடியாது. வேலையை விட முடியுமா? மும்பை வாடகை தெரிந்த யாரும் அதைக் கேட்க மாட்டார்கள். விடக்கூடியது வகுப்பு ஒன்றுதான். அவளுக்கு வாரத்தில் சந்தோஷமான ஒரு மணி நேரம் இருந்தது என்றால் அதுவும் அந்த வகுப்புதான். இப்படிப்பட்ட கணக்கில் எதைக் கழிப்பது என்று வெளியில் இருப்பவர் சட்டென்று சொல்லிவிடக் கூடாது.

பெண்கள் ஐக்கியத்திலிருந்து நான்கு பேர் முன்வந்தார்கள். சனிக்கிழமை மதியம் ஆளுக்கு ஒரு வாரமாக மூன்று மணி நேரம் மாமியாரோடு இருப்பது, அவள் அடுத்த வீட்டில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவது என்று ஏற்பாடு. முதல் வாரம் மாமியார், வேற்றாள் கையால் கஞ்சி குடிக்க மாட்டேன் என்று முரண்டு பிடித்தார். இரண்டாவது வாரம் தூத்துக்குடிக்காரப் பெண்மணி ஒருவர் போய் ஊர்க்கதை பேசினார். பேச்சோடு கஞ்சியும் இறங்கிவிட்டது. எதிர்பாராதது ஒன்றும் நடந்தது. மற்ற வீட்டுப் பெண்கள் வந்து தன் தாய்க்குச் செய்வதைப் பார்த்த மகனுக்குக் கூச்சமாகிவிட்டது. மூன்றாவது வாரத்திலிருந்து இரவு ஒரு வேளை புரட்டிப் படுக்கவைப்பதைத் தானே செய்யத் தொடங்கினார். அதை ஏன் முதலிலேயே செய்யவில்லை என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. வகுப்பை இரண்டு கல்லூரிப் பிள்ளைகளோடு அவள் பங்கிட்டுக்கொண்டாள். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வருகிறாள்.

எல்லா வீட்டிலும் இப்படி அமையும் என்று சொல்ல மாட்டேன். ஓய்வுக்குப் புறப்பட்டும் ஓய்வு கிடைக்காத நாளை மாற்கு 6-ஆம் அதிகாரத்தில் பார்க்கிறோம். ஊழியம் முடித்துத் திரும்பிய சீஷர்களுக்குச் சாப்பிடக்கூட நேரமில்லை. இயேசு அவர்களைத் தனிமையான இடத்துக்குப் படகில் அழைத்துப்போகிறார். ஜனங்கள் கரைவழியாக ஓடி முந்திக்கொண்டு போய் நிற்கிறார்கள். அவர் எரிச்சல்படவில்லை, போதித்தார், ஐயாயிரம் பேருக்கு உணவும் கொடுத்தார். பிரசங்கிகள் பெரும்பாலும் இத்தோடு நிறுத்திவிடுவார்கள். அதற்கு அடுத்த வசனங்களில், சீஷர்களைப் படகில் ஏற்றி, ஜனங்களை அனுப்பிவிட்டு, அவர் மலைமேல் ஜெபிக்கத் தனியே ஏறிப்போகிறார். தடைப்பட்ட ஓய்வு அன்று மாலையே மறுபடி தேடப்பட்டது. கூட்டத்தை அனுப்பிவைப்பதும் அவருடைய வேலையில் ஒரு பகுதியாகவே இருந்தது. சீஷர்களுக்கோ அன்றிரவு எதிர்க்காற்றில் தண்டு வலிக்கும் பாடு! வேதம் அதை மறைக்கவில்லை. சில இரவுகள் அப்படித்தான் போகும்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கு டோனாவூரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அயர்லாந்தில் பிறந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1895-இல் இந்தியாவுக்கு வந்தார். 1951-இல் இறக்கும்வரை ஒருமுறைகூடத் தாய்நாட்டுக்குத் திரும்பவில்லை. ஊழியர் கூட்டங்களில் இதைச் சொல்லி, அவர்கள் லீவே எடுக்கவில்லை, நீங்கள் ஒரு ஞாயிறு வரவில்லையே என்று கேட்பதை நானே காதால் கேட்டிருக்கிறேன். சொல்லாமல் விடுவது இன்னொன்று. வெயில் காலத்தில் பிள்ளைகளும் ஊழியரும் போய்த் தங்கி இளைப்பாற, மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டில் டோனாவூரார் ஓர் இடம் வைத்திருந்தார்கள். கப்பலேறிப் போகாதவர் ஓய்வே இல்லாதிருந்தார் என்பது நாமாகச் சேர்த்துக்கொண்டது.

1931-இல் அம்மையார் ஒரு குழியில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். அதன்பின் ஏறக்குறைய இருபது வருடம் பெரும்பாலும் தம் அறையிலேயே கழிந்தது. அன்றாட நிர்வாகம் மற்றவர்கள் கைக்குப் போயிற்று. அந்த அறையிலிருந்து அவர் எழுதிய புத்தகங்கள் பல. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே குறிப்பும் கடிதமும் எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார். நடமாடிய காலத்தில் செய்ததையே படுக்கையிலும் செய்ய அவர் முயன்றிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. பொறுப்பு அதே பொறுப்பாக நிற்க, செய்யும் வகை மாறியது. நம் மூத்த ஆசிரியர்களுக்கு இதில் ஒரு வழி உண்டு. படியேறி வகுப்புக்கு வர முடியாத ஒரு பெரியவர், சபைப் பிள்ளைகளின் பிறந்தநாள் ஒவ்வொன்றுக்கும் கார்டு எழுதுகிறார். பிள்ளைகள் என் பாடத்தை மறந்துவிடுகிறார்கள், அவர் கார்டை வைத்திருக்கிறார்கள்.

நம் ஊர்ச் சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல்லை நட்டு மேலே ஒன்றைக் கிடத்தியிருப்பார்கள். அதன் உயரத்தைக் கவனித்தீர்களா? தரையில் இறக்கினால் மறுபடி தூக்கிவிட ஆள் வேண்டும். தலைச்சுமைக்காரன் யார் உதவியும் இல்லாமல் சுமையை நகர்த்திவைத்து, இளைப்பாறி, மறுபடி தலைக்கு மாற்றிக்கொள்ளத் தோதான உயரம் அது. ஆசிரியர்களுக்கு நான் சொல்லும் நடைமுறை யோசனையும் இந்த உயரத்தில்தான் இருக்கிறது. ராஜினாமாக் கடிதத்தை டிசம்பர் மாதம் எழுதாதீர்கள். கீத பவனியில் நான்கு இரவு கண்விழித்தவன் எடுக்கும் முடிவு அவன் முடிவு அல்ல. ஜனவரி பிறந்து, தூங்கி எழுந்து, அப்போதும் அதே எண்ணம் இருந்தால் எழுதுங்கள். விடுவதற்கு முன், ஒரு பள்ளித் தவணைக்கு மட்டும் விடுப்புக் கேளுங்கள். கேட்டால் கொடுக்கிற கமிட்டியாக நாமும் இருக்க வேண்டும்.

அனுப்பிவைக்கும் முறையைப் பற்றிப் பிலிப்பியர் நிருபம் 2-ஆம் அதிகாரத்தில் ஒரு பகுதி உண்டு. எப்பாப்பிரோதீத்து என்பவன் பிலிப்பி சபையார் சார்பாகப் பவுலிடம் போனவன். போன இடத்தில் நோயுற்றுச் சாகும் தருவாய்க்குப் போய்விட்டான். வந்த வேலையை முடிக்காமல் ஊர் திரும்பினால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் அல்லவா? ஆகவே பவுல் அவனைத் திருப்பி அனுப்பும்போது கடிதத்திலேயே அவனுக்காக வாதாடுகிறார். சகோதரன், உடன்வேலையாள், உடன்சேவகன் என்று பட்டங்கள் கொடுத்து, சந்தோஷத்தோடு ஏற்றுக்கொண்டு கனப்படுத்தச் சொல்கிறார்.

எங்கள் சபையில் பதினான்கு வருடம் பொருளாளராக இருந்த ஒருவர் சென்ற வருடம் ஒரு வருட விடுப்புக் கேட்டார். கணக்கில் ஏதாவது இருக்குமோ என்று வாசலில் நின்று முணுமுணுத்தவர்களும் உண்டு. ஐயரவர்கள் அந்த ஞாயிறே ஆராதனையில் அவரையும் அவர் மனைவியையும் முன்னால் அழைத்து, தணிக்கையாளர் கையெழுத்திட்ட கணக்கைச் சபைக்கு வாசித்துக் காட்டி, பொன்னாடை போர்த்தினார். இப்போது பற்றுச்சீட்டுப் புத்தகம் ஒருவரிடமும் வங்கிக் கணக்கு இன்னொருவரிடமும் இருக்கிறது. பழைய பொருளாளர் ஞாயிறுதோறும் பின் வரிசையில் மனைவியோடு உட்கார்ந்து பாடுகிறார். அவர் அத்தனை நன்றாகத் தேனார் குரலில் பாடுவார் என்பது, காணிக்கை எண்ணும் அறையிலேயே அவரைப் பார்த்துப் பழகிய எங்களுக்கு இப்போதுதான் தெரிகிறது.